கெய்ரோவின் மதில் நகரம்: அரை நாளோ ஒரு நாளோ இருந்தால் எந்த வழியாக நடப்பது?

பிரமிடு, அருங்காட்சியகம், நைலில் படகு. கெய்ரோவுக்குப் போகும் தமிழ்க் குழுக்களின் பயண நிரலில் இந்த மூன்றும் தவறாமல் இருக்கும். புனித பூமிப் பயணமாக ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என்று சுற்றுகிறவர்கள் பழைய காப்டிக் தேவாலயங்களையும் பார்ப்பார்கள். உம்ராவோடு எகிப்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் இமாம் ஷாஃபி அடக்கமாகியிருக்கும் இடத்துக்கு ஜியாரத் போவார்கள். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபி மத்ஹபை, அதாவது அவர் வகுத்த மார்க்கச் சட்ட மரபை, பின்பற்றுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அந்த ஆசை இயல்பானதுதான். எல்லா நிரலுக்கும் பொதுவாகக் கடைசியில் ஒரு வரி இருக்கும்: ‘கான் அல்-கலீலி, ஷாப்பிங்.’ பேருந்து சதுக்கத்தில் இறக்கிவிடும், ஒன்றரை மணி நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரச் சொல்வார்கள்.

அந்தச் சந்தையைச் சுற்றி ஆயிரம் ஆண்டுப் பழமையான மதில் நகரம் ஒன்று இருக்கிறது. அதில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள், தொழுகிறார்கள், பட்டறை வைத்து வேலை செய்கிறார்கள். 1979 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கும் இடம் அது. நிரலில் அந்த வரி வரும் நாளில் அரை நாளோ, கெஞ்சிக் கேட்டு ஒரு முழு நாளோ கிடைத்தால் எந்த வழியாகப் போவது? நான்கு வழிகள் உண்டு. எனக்கு இதில் உறுதியான விருப்பம் ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் எல்லாருக்கும் அதையே சொல்ல மாட்டேன்.

முதலில் ஊரின் அமைப்பு. 969-ல் துனீசியப் பக்கத்திலிருந்து வந்த ஷியா அரச வம்சத்தினரான ஃபாத்திமிகள் எகிப்தைப் பிடித்தார்கள். கலீஃபா அல்-முயிஸின் தளபதி ஜவ்ஹர் போட்ட புதிய நகரம்தான் அல்-காஹிரா, அதாவது கெய்ரோ. கலீஃபாவுக்கும் அவருடைய படைக்கும் பரிவாரத்துக்கும் மட்டுமான அரண்மனை நகரமாக அது இருந்தது. சாதாரண மக்களும் வியாபாரிகளும் தெற்கே ஃபுஸ்தாத்தில் இருந்தார்கள். முதல் மதில் வெறும் மண் செங்கல். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அர்மீனிய வம்சாவளி அமைச்சர் பத்ர் அல்-ஜமாலி கல்லால் புதிய மதிலும் வாசல்களும் எழுப்பினார். அவற்றில் மூன்று இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. வடக்கே 1087-ல் கட்டிய பாப் அல்-ஃபுதூஹ், பாப் அன்-நஸ்ர். தெற்கே 1092-ல் முடிந்த பாப் ஸுவைலா. வடக்கு வாசலையும் தெற்கு வாசலையும் இணைக்கும் நேர் தெருதான் நகரத்தின் முதுகெலும்பு. அதற்கு இன்றைய பெயர் அல்-முயிஸ் தெரு. முழுத் தூரமும் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான்.

1171-ல் ஃபாத்திமி ஆட்சியை முடித்துவைத்த சலாஹுத்தீன் (சலாடின்), நகரத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டார். 1176-ல் தெற்கே குன்றின் மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். அரசாங்கம் மெல்ல அங்கே ஏறியது. அதனால் பாப் ஸுவைலாவிலிருந்து கோட்டைக்குப் போகும் வளைந்த பாதையின் இருபுறமும் அமீர்கள் எனப்பட்ட படைத்தலைவர்கள் பள்ளிவாசலும் மாளிகையும் கல்லறையும் கட்டிக்கொண்டே போனார்கள். அந்தப் பகுதிதான் தர்ப் அல்-அஹ்மர். அடிமைப் படைவீரர்களாக இருந்து ஆட்சியைப் பிடித்து, 1250 முதல் 1517 வரை ஆண்ட மம்லூக்குகள் இரு பாதிகளையும் நிரப்பினார்கள். பிறகு 20ஆம் நூற்றாண்டில் வந்த அல்-அஸ்ஹர் சாலை, வாகனங்களுக்காகப் பழைய தெருவைக் குறுக்கே வெட்டி, ஊரை வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கிவிட்டது. நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

நடுவில் மட்டும்: சந்தையும் சதுக்கமும்

பேருந்து இறக்கிவிடும் வழி இது. கான் அல்-கலீலியை 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜஹார்கஸ் அல்-கலீலி என்ற அமீர், ஃபாத்திமி கலீஃபாக்களின் அடக்கத்தலம் இருந்த இடத்தில், எலும்புகளை அப்புறப்படுத்திவிட்டுக் கட்டினார். இன்று முன்வரிசைக் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பொருட்கள். பாப்பிரஸ் என்று மலிவாக விற்கும் ஓவியங்களில் பல, வாழை நாரில் செய்தவை. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பொழுது போகும். இருநூறு ஆண்டுக்கு மேல் பழமையான ஃபிஷாவி கடையில் புதினாத் தேநீர் குடிக்கலாம். சதுக்கத்தின் ஒரு பக்கம் அல்-ஹுசைன் பள்ளிவாசல். நபிகளாரின் பேரர் ஹுசைனின் தலை அங்கே அடக்கமாகியிருப்பதாக எகிப்தியர் நம்புகிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்களைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல். 970-ல் தொடங்கி 972-ல் தொழுகைக்குத் திறந்தது. இன்று வரை மார்க்கக் கல்வியின் பெரிய பெயர். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்து படிக்கிறார்கள். தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் எல்லாரும் போகலாம். தலையை மறைக்கத் துணியும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு பையும் போதும். குழுவோடு வந்து ஒன்றரை மணி நேரம்தான் என்று கட்டாயம் இருந்தால், சந்தைக்குள் போகாதீர்கள். முக்கால் மணி நேரம் அல்-அஸ்ஹரின் வெள்ளைப் பளிங்கு முற்றத்தில் உட்காருங்கள், மீதி நேரம் வடக்கே உள்ள சுல்தான் கலாவூன் வளாகத்துக்கு நடந்து போய் வாருங்கள். பத்து நிமிட நடைதான். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

வடக்குப் பாதி: பாப் அல்-ஃபுதூஹிலிருந்து இறங்குவது

முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் எளிது. வடக்கு மதிலின் வெளியே வண்டியை விட்டு இறங்கி, முதலில் வாசல்களைப் பாருங்கள். பாப் அல்-ஃபுதூஹுக்கு உருண்டையான இரட்டைக் கொத்தளம். பக்கத்திலுள்ள பாப் அன்-நஸ்ருக்குச் சதுரக் கொத்தளம், அதில் கேடயமும் வாளும் புடைப்பாகச் செதுக்கியிருக்கும். 1798-ல் வந்த நெப்போலியன் படையினர் இந்தக் கொத்தளங்களுக்குத் தங்கள் அதிகாரிகளின் பெயரைச் சூட்டிக் கல்லில் வெட்டிவைத்த எழுத்துகளும் இருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் அல்-ஹாகிம் பள்ளிவாசல். 990-ல் தொடங்கி 1013-ல் முடிந்தது. முதல் மண் மதிலுக்கு வெளியே இருந்தது. பத்ர் அல்-ஜமாலி மதிலைத் தள்ளிக் கட்டியதால் உள்ளே வந்தது. சிலுவைப்போர் கைதிகளின் சிறையாக, பிரெஞ்சுப் படையின் கிடங்காக, இன்னும் எதெதுவாகவோ இருந்து சிதிலமாகிக் கிடந்தது. அதை மீட்டது இந்தியாவைச் சேர்ந்த தாவூதி போஹ்ரா சமூகம். ஃபாத்திமி இமாம்களைத் தங்கள் மார்க்க முன்னோர்களாகக் கொண்டவர்கள் அவர்கள். 1980-ல் பள்ளிவாசல் மறுபடி திறந்தது. வெண்பளிங்கு பளபளப்பது பழைமைக்குப் பொருந்தவில்லை என்று கட்டடக்கலை வல்லுநர்கள் குறைபட்டதுண்டு. எனக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த இடத்தில் இன்று பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், பெரியவர்கள் குர்ஆன் ஓதுகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, தர்ப் அல்-அஸ்ஃபர் சந்தில் பைத் அஸ்-ஸுஹைமி. 1648-ல் கட்டி, 1796-ல் பெரிதாக்கிய வியாபாரி வீடு. வடக்குப் பாதியில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், பள்ளிவாசல்களைக்கூட அல்ல. நடுவில் மரமும் செடியுமாக முற்றம், மேலே வடகாற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கூண்டு, மாடியில் பெண்கள் தெருவைப் பார்க்கும் மரப்பின்னல் ஜன்னல்கள். ஆகஸ்ட் வெயிலிலும் உள்ளே போனதும் உடம்பு ஆறும். மின்சாரம் இல்லாத காலத்தில் வெப்பத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அந்த வீட்டின் ஒவ்வோர் அறையும் காட்டிக்கொடுக்கும்.

தெருவுக்குத் திரும்பினால் 1125-ல் கட்டிய அல்-அக்மர். சிறிய பள்ளிவாசல். உள்ளே தொழும் இடம் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, பார்த்துத் திரும்பியிருக்கும், ஆனால் முகப்பு தெருவின் கோட்டுக்கு ஒட்டி நிற்கும். கெய்ரோவில் இந்த ஏற்பாட்டை முதலில் செய்தது இதுதான். பிறகு வந்த மம்லூக் கட்டடங்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் பின்பற்றின. அடுத்து, தெரு இரண்டாகப் பிரியும் முனையில் 1744-ல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டிய ஸபீல். கீழே வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர், மேலே ஏழைப் பிள்ளைகளுக்கு ஓதும் பள்ளி. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலைக் கல்லில் கட்டி, மாடியில் ஒரு பள்ளிக்கூடத்தையும் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அதற்குப் பின் வருவதுதான் இந்தப் பாதியின் உச்சம். ஒருகாலத்தில் இரண்டு ஃபாத்திமி அரண்மனைகளுக்கு நடுவே இருந்த திடலில் இன்று அரண்மனைகள் இல்லை. வரிசையாக பர்கூக், அன்-நாஸிர் முஹம்மது, கலாவூன் ஆகியோரின் வளாகங்கள் நிற்கின்றன. சுல்தான் கலாவூன் 1284-85-ல் மருத்துவமனை, மதரஸா, தன் அடக்கத்தலம் மூன்றையும் சேர்த்து ஓராண்டுக்குக் கொஞ்சம் மேலான காலத்தில் கட்டிமுடித்தார். மருத்துவமனை பல நூற்றாண்டுகள் இயங்கியது. அந்த வளாகத்துக்குள் இன்றும் கண் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அடக்கத்தலத்தின் உட்புறம், வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில், கெய்ரோவின் மிக அழகான அறை. அடுத்துள்ள அன்-நாஸிர் மதரஸாவின் வாசல் நிலையைக் கவனியுங்கள். அது ஐரோப்பிய கோதிக் பாணி. 1291-ல் அக்கா நகரைச் சிலுவைப்போர் வீரர்களிடமிருந்து மீட்டபோது, அங்கிருந்த தேவாலயத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது. எதிர்ப்புறம் அஸ்-ஸாலிஹ் அய்யூபின் கல்லறை. அதைக் கட்டியவர் அவருடைய மனைவி ஷஜர் அத்-துர். பிரெஞ்சு மன்னன் படையெடுத்து வந்த நேரத்தில் கணவர் இறந்த செய்தியை மறைத்து நாட்டைக் காத்தவர், 1250-ல் சில மாதம் தன் பெயரிலேயே ஆட்சி செய்தவர்.

வடக்குப் பாதியின் வசதி என்ன? 1992 அக்டோபரில் வந்த நிலநடுக்கம் பழைய கட்டடங்களை உலுக்கியெடுத்த பிறகு, அரசு இந்தத் தெருவைப் பெரிய அளவில் சீரமைத்தது. தளம் சமமாக இருக்கிறது, வண்டித் தொல்லை குறைவு, தெருவில் உள்ள பல கட்டடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட், இரவில் விளக்கு வெளிச்சம். குழந்தைகளோடு போகலாம், பெற்றோரை அழைத்துப் போகலாம், பெண்கள் தனியாகவும் போகலாம். வழி தவறவே முடியாது. மூன்று மணி நேரம் போதும்.

குறை என்ன? அந்தச் சீரமைப்பேதான். திறந்தவெளி அருங்காட்சியகமாக ஆக்கியபோது தெருவின் முகம் கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிட்டது. செம்புப் பாத்திரக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மற்றபடி கடைகள் பார்க்க வருகிறவர்களை நம்பியே இருக்கின்றன. 1988-ல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூஸ் பிறந்து சிறுவயதைக் கழித்தது இங்கேதான், இந்தத் தெருவுக்குக் கிழக்கே உள்ள கமாலிய்யாவில். அவர் எழுதிய ஊர் வேண்டுமென்றால் பெரிய தெருவை விட்டுக் கிழக்குச் சந்துகளில் நுழைய வேண்டும்.

தெற்குப் பாதி: அல்-கூரியிலிருந்து சுல்தான் ஹஸன் வரை

இதுதான் நான் சொன்ன விருப்பம். காரணம் கட்டடங்களின் அழகு மட்டும் அல்ல. இந்தப் பாதையில் ஒரு வரலாறு, முதலிலிருந்து கடைசி வரை, நடக்க நடக்க விரிகிறது.

அல்-அஸ்ஹர் சாலையைக் கடந்ததும் தெருவின் இருபுறமும் சுல்தான் அல்-கூரியின் வளாகம். ஒருபுறம் பள்ளிவாசல்-மதரஸா, எதிரே அடக்கத்தலம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அவ்வளவு செலவு செய்து தனக்குக் கல்லறை கட்டிய அல்-கூரி அதில் இல்லை. 1516-ல் சிரியாவின் மர்ஜ் தாபிக் களத்தில் உஸ்மானியத் துருக்கியரோடு மோதி இறந்தார், உடல் கிடைக்கவே இல்லை. அந்தப் போரில் மம்லூக் படையின் ஒரு பக்கத்தை நடத்தியவர் அலெப்போ ஆளுநர் கைர்பக். அவர் எதிரியோடு ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, சண்டை நடுவில் விலகிவிட்டார்.

துணிக்கடைகளும் மெத்தைக் கடைகளும் நெருக்கியடிக்கும் கூரிய்யாத் தெருவில் பத்து நிமிடம் நடந்தால் பாப் ஸுவைலா. 1517 ஏப்ரலில், கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயை இந்த வாசலில்தான் தூக்கிலிட்டார்கள். கயிறு இரண்டு முறை அறுந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய உடலை அல்-கூரியின் வெறும் கல்லறை வளாகத்தில்தான் அடக்கினார்கள் என்பார்கள். வாசலைக் கடந்து இடப்பக்கம் திரும்பி தர்ப் அல்-அஹ்மர் பாதையில் போனால், கோட்டைக்குச் சற்று முன்னால் இன்னொரு அழகான வளாகம் வரும். செதுக்கு வேலை நிறைந்த குவிமாடம், மேல்பகுதி இழந்து பின்னாளில் திரும்பக் கட்டிய மினாரா. அது கைர்பக்கின் அடக்கத்தலம். உஸ்மானியர்கள் அவரை எகிப்தின் ஆளுநராக நியமித்தார்கள். கட்டிய கல்லறையில் இடம் கிடைக்காத சுல்தான், வாசலில் தொங்கிய சுல்தான், நினைத்த இடத்தில் நிம்மதியாக அடக்கமான கைர்பக். ஒரே நடையில் மூன்று பேரையும் பார்த்துவிடலாம். 1517-ல் கெய்ரோ ஒரு பேரரசின் தலைநகராக இருந்த நிலை போய், இஸ்தான்புல்லுக்குக் கப்பம் கட்டும் மாகாணமானதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

வழியில் இருப்பவையும் லேசுப்பட்டவை அல்ல. பாப் ஸுவைலாவை ஒட்டி அல்-முஅய்யத் பள்ளிவாசல். அந்த இடத்தில் முன்பு சிறை இருந்தது. அதில் அடைபட்டுத் துன்பப்பட்ட அமீர் ஷைகு, வெளியே வந்தால் இதை இடித்துத் தொழும் இடம் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். பிறகு சுல்தானாகவே ஆகி, 1415-ல் வேலையைத் தொடங்கினார். அதன் இரண்டு மினாராக்களும் வாசலின் கொத்தளங்கள் மேலேயே நிற்கின்றன. படி ஏறிப் போகலாம். மேலிருந்து வடக்கே பார்த்தால் ஃபாத்திமி நகரம் முழுதும், தெற்கே பார்த்தால் கோட்டை. முழங்கால் வலி இல்லாதவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். வாசலின் பழைய மரக்கதவில் ஆணிகளைப் பார்க்கலாம். பல்வலியும் தலைவலியும் தீர வேண்டி மக்கள் ஆணியடித்து, துணியும் பல்லும் கட்டிவிட்டுப் போன காலம் உண்டு.

வாசலுக்கு வெளியே 1160-ல் கட்டிய ஸாலிஹ் தலாயிஅ பள்ளிவாசல். கடைகளின் மேல் உயரத்தில் கட்டியது. தெருமட்டம் உயர்ந்து உயர்ந்து, அந்தக் கடைகள் இன்று பள்ளத்தில் இருக்கின்றன. நேர் தெற்கே போனால் கயாமிய்யா, 17ஆம் நூற்றாண்டின் கூரை போட்ட கடைத்தெரு. கூடாரத் துணி தைப்பவர்களின் இடம். ஆண்கள் கால் மடக்கி உட்கார்ந்து, துணிமேல் துணி வைத்து நுணுக்கமாகத் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் தெருவில் போடும் பந்தலுக்கான துணி அது. ஊருக்கு வாங்கிப்போக ஏதாவது வேண்டுமென்றால் கான் அல்-கலீலியில் வாங்காமல் இங்கே வாங்குங்கள். தைத்தவரிடமே பணம் போகும். பாப் ஸுவைலாவுக்கு மேற்கே போகும் தெருவில் ரமலான் விளக்குகள் செய்யும் தகரப் பட்டறைகள்.

தர்ப் அல்-அஹ்மரில் இன்னும் மூன்றைச் சொல்லியாக வேண்டும். 1481-ஐ ஒட்டிக் கட்டிய கிஜ்மாஸ் அல்-இஸ்ஹாகி, எகிப்தின் 50 பவுண்டு நோட்டில் இருக்கும் பள்ளிவாசல். 1340-ல் முடிந்த அல்-மாரிதானி, முற்றத்துக்கும் தொழும் இடத்துக்கும் நடுவே மரப்பின்னல் திரை உள்ளது. 1347-ல் கட்டிய ஆக்சுன்குர், 1652-ல் இப்ராஹீம் ஆகா கிப்லாச் சுவர் முழுக்க நீல ஓடு பதித்ததால் நீலப் பள்ளிவாசல் என்று பெயர் பெற்றது. பாதை முடியும் இடத்தில் சுல்தான் ஹஸன். 1356-ல் தொடங்கிய அந்த மாபெரும் கட்டடத்தில் நடு முற்றத்தைச் சுற்றி நான்கு உயர்ந்த மண்டபங்கள், நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மதரஸா. உள்ளே நின்று மெதுவாகப் பேசினாலும் குரல் சுற்றி வரும்.

குறைகள் நிறைய. நடைபாதை கிடையாது. மோட்டார் சைக்கிளும் டுக்-டுக்கும் உரசிக்கொண்டு போகும். குப்பை உண்டு. கழிப்பறை கிடைப்பது சிரமம். சில பள்ளிவாசல்கள் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவருக்கு பக்‌ஷீஷ் தர வேண்டும். சில்லறையை முன்னாலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரமாவது வேண்டும். நடக்கச் சிரமப்படுகிறவர்களை இந்த வழியில் கூட்டிப்போவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை.

கிழக்கே, மேலிருந்து

வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு நான்காவது வழி: அல்-அஸ்ஹர் பூங்கா. ஐந்நூறு ஆண்டுகளாக ஊர்க் குப்பை கொட்டிக் கொட்டி எழுந்த மேட்டில், ஆகா கான் அறக்கட்டளை உருவாக்கி 2005-ல் திறந்தது. சுமார் 30 ஹெக்டேர். தோண்டியபோது புதைந்து கிடந்த சலாஹுத்தீன் காலத்து மதில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளத்துக்கு, வெளியே வந்தது. பக்கத்துத் தர்ப் அல்-அஹ்மரில் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பழுதுபார்க்கும் வேலையை அதே அறக்கட்டளை சேர்த்தே செய்தது. உள்ளூர் இளைஞர்கள் தச்சும் கல்வேலையும் கற்றார்கள். பழைய ஊரைச் சீரமைப்பதில் இந்த முறை எனக்கு அல்-முயிஸ் தெருவில் செய்ததைவிடப் பிடிக்கும். வீடுகளில் இருந்தவர்களை வைத்துக்கொண்டே வேலை நடந்தது.

பூங்காவுக்குக் காரிலேயே போகலாம். சாப்பாடு, கழிப்பறை, நிழல் எல்லாம் உண்டு. சூரியன் மறையும் மக்ரிப் நேரத்தில் மேட்டிலிருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான மினாராக்கள் தெரியும், பாங்கோசை எல்லாப் பக்கமிருந்தும் எழும். ஆனால் நகரம் கீழே இருக்கும், நீங்கள் மேலே இருப்பீர்கள். இளைஞர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

வழிகாட்டி வேண்டுமா?

வடக்கே வேண்டாம், தெற்கே வேண்டும் என்பது என் கருத்து. அல்-முயிஸ் தெருவில் கட்டடங்களின் வெளியே பெயர்ப்பலகை உண்டு. ஒரே நேர் தெரு, கைப்பேசி வரைபடமே போதும். தெற்கே பூட்டிய கதவுகளைத் திறக்கவும், சந்துகளில் எது பட்டறை எது வீடு என்று தெரிந்து மரியாதையாக நடக்கவும் உள்ளூர் ஆள் தேவை. பிரமிடுக்கு வந்த வழிகாட்டியையே இதற்கும் அழைக்காதீர்கள். பலர் பழைய எகிப்தைத்தான் ஆழமாகப் படித்திருப்பார்கள். உரிமம் உள்ளவரா என்று பார்த்து, இஸ்லாமியக் கட்டடங்கள் தெரியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். மம்லூக் என்றால் யார் என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் ஆளைப் பற்றித் தெரிந்துவிடும். இன்னொன்று: “பள்ளிவாசல் மூடியிருக்கிறது, வாருங்கள் வேறு வழி காட்டுகிறேன்” என்று சதுக்கத்தில் தானாக வந்து பேசுகிறவரோடு போக வேண்டாம். அந்த வழி ஏதாவது வாசனைத் திரவியக் கடையில் முடியும்.

சரி, யாருக்கு எது?

அரை நாள், முதல்முறை, குடும்பத்தோடு என்றால் வடக்கு. மதியம் இரண்டு மணிக்கு பாப் அல்-ஃபுதூஹில் தொடங்குங்கள். கட்டடங்களின் உட்புறம் மாலையில் மூடிவிடும், கலாவூனை அதற்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு விளக்கு ஏற்றிய தெருவில் திரும்பி நடக்கலாம். அரை நாள், நல்ல கால், வரலாற்றில் ஆர்வம் என்றால் தயங்காமல் தெற்கு, காலையில். பெற்றோரோடு என்றால் காலையில் பைத் அஸ்-ஸுஹைமி, மாலையில் பூங்கா, நடுவில் ஓய்வு.

முழு நாள் கிடைத்தால் இரண்டையும் சேர்க்கலாம், ஆனால் தலைகீழாக. எல்லாரும் வடக்கிலிருந்து இறங்குவார்கள், நீங்கள் தெற்கிலிருந்து ஏறுங்கள். காலையில் சுல்தான் ஹஸன் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். குழுக்கள் வருவதற்கு முன்னால் அந்த மண்டபங்களில் ஆளில்லாமல் இருக்கும். கைர்பக், நீலப் பள்ளிவாசல், பாப் ஸுவைலா, அல்-கூரி என்று 1517-ன் கதையைப் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வரலாம். மதியச் சாப்பாட்டுக்கு கோஷரி: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே பொரித்த வெங்காயமும் தக்காளிக் குழம்பும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு கெய்ரோவில் இதுவும் அவரைப் பருப்பில் செய்யும் தஅமிய்யா வடையும்தான் பெரிய துணை. அப்புறம் அல்-அஸ்ஹர், மூன்று மணிக்குள் கலாவூன், கடைசியில் வடக்கு வாசல்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை காலை பல கடைகள் திறக்காது, ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல்களுக்குள் சுற்றிப் பார்க்கப் போகக் கூடாது. தொழப் போகிறவர்களுக்கு மட்டும் அதுவே மிக நல்ல நாள். ரமலானில் பகலில் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், ஆனால் இரவு முழுதும் தெரு நிறைந்திருக்கும். அப்போது வடக்குப் பாதியை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். நவம்பர் முதல் மார்ச் வரை நடக்க இதமான காலம். டிக்கெட் கவுன்ட்டர்களில் பல இடங்களில் அட்டைதான் வாங்குகிறார்கள், அதனால் வெளிநாட்டில் செல்லும் அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். நடை முடிந்து திரும்ப, பாப் அல்-ஃபுதூஹிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பாப் அஷ்-ஷஅரிய்யா மெட்ரோ நிலையம் வரும். மாலை நெரிசலில் டாக்சியைவிட அதுதான் சீக்கிரம் கொண்டுபோய் விடும்.